அருவியும் உப்பும் வைக்கோலும்

வளர்முக நாடுகளுக்குக் கைத்தொழில் ஏன் வேண்டும்? அது எவ்வாறு அமைய வேண்டும்?

2022ஆம் ஆண்டின் பங்குனி மாதத்தை எமது நாட்டுக் குடும்பங்கள் எளிதில் மறக்கமாட்டா. அம்மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்டது. அரும்பொருளாகிவிட்ட மண்ணெண்ணெயைத் தேடிப் பிடித்துக் குப்பிவிளக்கை ஏற்றினோம். கடைகளில் மெழுகுதிரியும் கிடைக்கவில்லை. அதே மாதத்தில் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. வினாத்தாள் அச்சிடக் கடதாசி இல்லை என்பதே காரணம். நாளிதழ்கள் சில தமது சனிக்கிழமைப் பதிப்பை அச்சிடாது நிறுத்தின.

விளக்கும் கடதாசியும் படிக்கின்ற பிள்ளைக்கு இரண்டு கண்கள் போன்றவை. இரண்டும் ஒரே வேளையில் மறைந்தது ஏன்? அந்நியச் செலாவணி தீர்ந்துவிட்டது. எண்ணெயும் கடதாசியும் வாங்கப் பணமில்லை என்றனர். அது உண்மையே. ஆயினும் அவ்விடை பாதி விடைதான். பிறநாட்டிலிருந்து வாங்கினாலன்றி எரியாத விளக்கையும், வாங்கினாலன்றிக் கிடைக்காத கடதாசியையும் நம்பி நாம் ஏன் வாழ்ந்தோம் என்பது மறுபாதி. அந்த மறுபாதியையே இன்று ஆராய விரும்புகின்றோம்.

2015ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை உலகுக்கென வகுத்த பதினேழு குறிக்கோள்களுள் ஒன்பதாவது, கைத்தொழில், புத்தாக்கம், உட்கட்டமைப்பு ஆகிய மூன்றையும் ஒருங்கே கூறுகின்றது. அவற்றுடன் "நிலைபேறான" என்னும் அடைமொழியும் சேர்ந்து வருகின்றது. மாணவர்கள் இச்சொற்களைப் பாடப்புத்தகத்திற் கண்டு மனனஞ் செய்கின்றனர். ஆனால் இவற்றின் பொருளை அறிய நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. எமது நாட்டின் ஓர் அருவியும், ஓர் உப்பளமும், ஒரு வைக்கோற் போரும் அதனைச் சொல்லித் தருகின்றன.

அருவியைக் கண்ட பொறியியலாளர்

காலியிலே 1874ஆம் ஆண்டில் பிறந்தவர் டி. ஜே. விமலசுரேந்திரா. பகிரங்க வேலைப்பகுதியிற் பொறியியலாளராகச் சேர்ந்த இவர், சிவனொளிபாத மலையின் அடிவாரப் பள்ளத்தாக்குகளுக்குப் பொன் தேடும் ஆய்வொன்றின் பொருட்டுச் சென்றார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அங்கே மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் பாறையிலிருந்து பாறைக்குப் பாய்ந்து வீழ்வதை அவர் கண்டார். அந்த வீழ்ச்சியே பொன் என்று அவர் கணித்தார்.

அது வெறும் கனவன்று. 1912ஆம் ஆண்டிலேயே நானுஓயாவுக்கு அண்மையில் பிளக்பூல் என்னும் இடத்தில் ஒரு சிறிய நீர்மின் நிலையம் அமைக்கப்பட்டு, நுவரெலியா நகருக்கு ஒளி கிடைத்தது. நீரிலிருந்து விளக்கெரிக்க முடியும் என்பதை அது எல்லோருக்கும் காட்டிற்று. 1918இல் இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தின் முன் விமலசுரேந்திரா ஓர் ஆய்வுரையைப் படித்தார். இந்நாட்டு ஆறுகளின் வலுவைக் கொண்டு மின்சாரம் ஆக்குவது எவ்வளவு இலாபகரமானது என்பதைக் கணக்கிட்டு நிறுவியது அவ்வுரை. குடியேற்ற ஆட்சிக் காலத்தில் உள்நாட்டுப் பொறியியலாளர் ஒருவர் நாட்டின் பொருளாதாரம் முழுவதையும் பற்றித் திட்டமிட்டுப் பேசியது சிறிய காரியமன்று.

லக்ஷபானாத் திட்டத்தின் வேலை 1924ஆம் ஆண்டில் தொடங்கிற்று. சில ஆண்டுகளில் பணமில்லை என்று கைவிடப்பட்டது. கொழும்பிலோ, நிலக்கரியை எரித்து நீராவியால் மின்சாரம் ஆக்கும் ஸ்ரான்லி மின்னிலையம் 1929இல் எழுந்தது. நிலக்கரி கப்பலில் வந்தது. அருவி வீணே கடலுக்கு ஓடியது. உத்தியோகத்தை விட்டு விலகிய விமலசுரேந்திரா 1931இல் இரத்தினபுரித் தொகுதியில் வெற்றி பெற்று அரசாங்க சபைக்குட் சென்றார். அங்கும் அருவிக்காகவே வாதாடினார். பின்னர் உலகப் போர் குறுக்கிட்டது. ஈற்றில் 1950ஆம் ஆண்டில், இருபத்தைந்து மெகாவாட் வலுவுடன், லக்ஷபானா மின்னிலையம் இயங்கத் தொடங்கியது. அதனைக் கண்டு மூன்றாண்டுகள் மட்டுமே விமலசுரேந்திரா உயிரோடிருந்தார். அவர் 1953இல் மறைந்தார்.

அறிவு 1918இல் ஆயத்தமாயிருந்தது. ஆலை 1950இல் வந்தது. இடையே கழிந்தவை முப்பத்திரண்டு ஆண்டுகள். அந்த ஆண்டுகளிற் பிறந்து, விளக்கில்லாமற் படித்து, தொழிற்சாலை இல்லாமல் வேலை தேடி, முதுமை எய்தியவர்கள் எத்தனை பேர்? புதியதை ஒருவர் கண்டுபிடித்தால் மட்டும் போதாது. அதனை ஏற்று முதலிட்டு முடிக்கும் மனமும் நாட்டுக்கு வேண்டும் என்பதை லக்ஷபானா உணர்த்துகின்றது.

ஒரு துளி நீர் மும்முறை உழைக்கும் விந்தை

இத்திட்டத்தின் அழகை இளைஞர்கள் ஒருமுறை வரைபடத்தில் விரல் வைத்துத் தொடர்ந்து பார்க்கவேண்டும். கெஹெல்கமு ஓயாவின் நீர் காசல்ரீ நீர்த்தேக்கத்திலே தங்குகின்றது. அங்கிருந்து இறங்கி, 1965இல் அமைந்ததும் இன்று விமலசுரேந்திராவின் பெயரைத் தாங்குவதுமான மின்னிலையத்தைச் சுழற்றுகின்றது. பின்பு நோர்ட்டன் தேக்கத்தில் இளைப்பாறி, பழைய லக்ஷபானா நிலையத்தை இயக்குகின்றது. அதன்பின் பொல்பிட்டிய நிலையத்தில் மூன்றாம் முறையாக உழைக்கின்றது. மறுபுறத்தில் மஸ்கெலியா ஓயாவின் நீரும் மவுஸ்ஸாக்கலைத் தேக்கத்திலிருந்து கெனியன், புதிய லக்ஷபானா, பொல்பிட்டிய என மூன்று நிலையங்களைக் கடக்கின்றது. 1950 முதல் 1983 வரை படிப்படியாக எழுந்த இந்த ஐந்து நிலையங்களின் வலு முந்நூறு மெகாவாட்டுக்கும் மேல்.

இத்தனை வேலையும் செய்து முடித்த நீர், ஒரு சொட்டும் எரிந்து போகாமல், களனி கங்கையாகிக் கொழும்பு மக்களின் குடிநீர்க் குழாய்களுக்கும் போகின்றது. எண்ணெயை எரித்தால் புகையும் கடனும் மிஞ்சும். நீரைச் சுழற்றினாலோ நீர் மிஞ்சும். நிலைபேறு என்னும் சொல்லுக்கு இதனிலும் தெளிந்த விளக்கம் வேண்டுமோ?

அருவியின் நிழல்

ஆயினும் ஒளி உள்ள இடத்தில் நிழலும் உண்டு. அதனை மறைப்பது நேர்மையன்று. மவுஸ்ஸாக்கலைத் தேக்கம் நிரம்பியபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருள் ஆழ்ந்தது. கோடையில் நீர்மட்டம் தாழும்போது பழைய கோவிலும் விகாரையும் பள்ளிவாசலும் நீருக்கு மேலே தலைகாட்டுகின்றன. மக்கள் சென்று பார்த்து வருகின்றனர். தாம் வணங்கிய இடத்தை நாட்டின் வெளிச்சத்துக்காக விட்டுக்கொடுத்தவர்கள் அவர்கள்.

அதனிலும் ஆழமான நிழல் ஒன்றுண்டு. அத்தேக்கங்களைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் எமது மலையகத் தமிழ் மக்கள் வாழ்கின்றனர். மின்கம்பிகள் லயன்களின் கூரைகளுக்கு மேலாகக் கொழும்பை நோக்கிச் சென்றன. அக்கூரைகளின் கீழே நெடுங்காலம் குப்பிவிளக்கே எரிந்தது. அணையின் பக்கத்திலே பிறந்த பிள்ளை புகையிற் படித்தது. நாடெங்கும் மின்சாரம் பரவிய பின்னரே அந்நிலை படிப்படியாக மாறியது. உட்கட்டமைப்பு என்பது அணையும் கம்பியும் மட்டுமன்று. அவற்றின் பயன் யாருடைய வாசலுக்கு முதலிற் போய்ச் சேருகின்றது என்னும் கேள்வியும் அதனுள் அடங்கும்.

மழையை மட்டும் நம்புவதும் போதாது. 1996இல் வரட்சி வந்தபோது தேக்கங்கள் வற்றி, நாடு பல மணிநேர மின்வெட்டுக்கு உள்ளாயிற்று. மலைக்காடு அழிந்தால் அருவி மெலியும். சரிவுகளின் மண் கரைந்து வந்தால் தேக்கம் தூரும். எனவே மரமும் மின்னிலையத்தின் ஓர் உறுப்பே என்று கொள்ளவேண்டும்.

உப்பிலிருந்து கடதாசி வரை

இனி உப்பளத்துக்கு வருவோம். ஆனையிறவிலே வெயிலும் காற்றும் சேர்ந்து கடல்நீரை உப்பாக்கின. அந்த உப்பை மூட்டையிற் கட்டி விற்பதோடு நில்லாமல், 1950களில் பரந்தனிலே ஓர் இரசாயனத் தொழிற்சாலை எழுந்தது. உப்புக் கரைசலினூடே மின்சாரத்தைச் செலுத்தினால் அது எரிசோடாவாகவும் குளோரீனாகவும் பிரியும், ஐதரசனும் கிடைக்கும். எரிசோடா சவர்க்காரம் செய்ய உதவும். குளோரீன் குடிநீரைச் சுத்திகரிக்கும். இரண்டும் சேர்ந்து இன்னொரு பெருந்தொழிலுக்கும் கைகொடுக்கும். அதுவே கடதாசித் தொழில்.

அதே பத்தாண்டில் மட்டக்களப்பு மாவட்டத்து வாழைச்சேனையிலே கடதாசி ஆலை அமைந்தது. அதன் மூலப்பொருள் எது? சூடடித்தபின் வயலிலே எரிக்கப்படும் வைக்கோல்! வைக்கோலை எரிசோடாவில் அவித்தால் நார் பிரியும். குளோரீன் அதனை வெளுக்கும். பின்னர் அது கடதாசியாகும். கமக்காரனுக்கு வைக்கோலுக்கும் விலை, தொழிலாளிக்கு வேலை, மாணவனுக்கு அப்பியாசக் கொப்பி. ஒரு மாவட்டத்தின் உப்பு, இன்னொரு மாவட்டத்தின் வைக்கோல், மலைநாட்டு அருவியின் மின்சாரம் ஆகிய மூன்றும் கைகோத்து, வெளிநாட்டுக்குப் போகவேண்டிய பணத்தை உள்நாட்டிலே நிறுத்தும் வழி அது. கைத்தொழில் என்பது தனி ஆலையன்று. ஒன்றின் விளைவு மற்றொன்றின் மூலப்பொருளாகும் சங்கிலி.

அச்சங்கிலி அறுந்தது. போர் வந்தது. பரந்தன் ஆலை சிதைந்தது. ஆனையிறவு உப்பளம் நின்றது. காங்கேசன்துறையில் 1950இல் இயங்கத் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலையின் சூளையும் 1990இல் அணைந்தது. வாழைச்சேனை ஆலையோ நலிந்து, நின்றும் இயங்கியும் தள்ளாடியது. போர் ஓய்ந்த பின் ஆனையிறவு உப்பளம் மீண்டும் உயிர்பெற்றிருப்பது ஆறுதல். ஆயினும் நாற்புறமும் கடல் சூழ்ந்த இந்நாடு, பருவந் தவறிய மழையால் விளைச்சல் கெட்டபோது, 2025இல் உப்பையும் இறக்குமதி செய்ய நேர்ந்தது. 2022இற் கடதாசி; 2025இல் உப்பு. ஒருகாலத்தில் இரண்டையும் ஒரே சங்கிலியாகக் கோத்து வைத்திருந்தவர்கள் நாம்தானே!

பழைய வழியிலேயே மீண்டும் கட்டலாமோ?

அறுந்த சங்கிலியை அப்படியே முடிந்துவிட்டால் போதும் என்று சிலர் எண்ணுவர். எம்மால் அதனை ஒப்ப முடியாது. வைக்கோலை எரிசோடாவில் அவித்தபின் எஞ்சும் கருநீரை வாவியில் விட்டால் மீன் மாளும். மரக்கூழ் ஆலைகள் அக்கருநீரைச் சுண்டக் காய்ச்சி எரித்து, எரிசோடாவை மீட்டுக்கொள்கின்றன. வைக்கோலில் மணற்சத்து மிகுதி. ஆதலின் அவ்வாறு மீட்பது கடினம். உப்பைப் பிரிக்கும் பழைய முறையொன்று உலகின் பல ஆலைகளிற் பாதரசத்தைக் கொண்டு நடைபெற்றது. அது நஞ்சென்று கண்டு, இன்று மென்சவ்வு முறைக்கு உலகம் மாறிவருகின்றது. அறுபது ஆண்டுகளுக்கு முன் அறியாமற் செய்ததை இன்று அறிந்துகொண்டே செய்தால், அது அறியாமையாகாது, குற்றமாகும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டை நோக்குங்கள். அங்கே வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரி மழையைச் சுண்ணக்கல் தன் பொந்துகளிலும் வெடிப்புகளிலும் வாங்கி வைத்துக்கொள்கின்றது. அந்த நன்னீர், கீழேயுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதக்கின்றது. எமது கிணறுகள் யாவும் அவ்வில்லையையே மொள்ளுகின்றன. சீமெந்துக்கு வேண்டிய மூலப்பொருளும் அதே சுண்ணக்கல்தான்! கல்லை அளவின்றித் தோண்டினால், நீரைத் தாங்கும் பாண்டத்தையே உடைத்தவர்களாவோம். வீடு கட்டச் சீமெந்து வேண்டும். வீட்டிலிருந்து குடிக்கத் தண்ணீரும் வேண்டும். எவ்வளவு, எங்கே, எந்த ஆழம் வரை என்பதை அளந்து முடிவு செய்வது விஞ்ஞானத்தின் கடமை.

சுன்னாகத்தின் கதை இன்னும் அண்மையது. எண்ணெயால் இயங்கிய மின்னிலையமொன்றின் சூழலிலே கிணறுகளில் எண்ணெய் கலந்தது. கிணற்றடியிலே பிறந்து வளர்ந்தவர்கள் தாங்கி நீருக்குக் குடத்துடன் காத்துநின்றனர். வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2019இல் அந்நீதிமன்றம் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இரண்டு கோடி ரூபா இழப்பீடு வழங்குமாறு தீர்ப்பளித்தது. விளக்குக்காகக் கிணற்றை இழப்பது நட்டமான வியாபாரம். பணம் இழப்பை ஈடுசெய்யலாம். நிலத்தடி நீரைக் கழுவித் தரமாட்டாது.

காற்றும் வெயிலும் கற்ற மூளையும்

இன்று எமக்கு வேறு வழிகளும் திறந்துள்ளன. மன்னார்த் தீவின் தென்கரையிலே முப்பது காற்றாலைகள் சேர்ந்து நூறு மெகாவாட் வலுவைத் தருகின்றன. கூரைகளின்மேற் சூரியத் தகடுகள் பரவுகின்றன. காற்றுக்கும் வெயிலுக்கும் கப்பற்கூலியில்லை. ஆயினும் மேலும் காற்றாலைகள் எழுப்ப முனைந்தபோது மன்னார் மக்கள் எதிர்ப்புக் குரல் எழுப்பினர். மழைவெள்ளம் வடியும் வழி, மீன்பிடி, தொலைநாடுகளிலிருந்து வலசை வரும் பறவைகள் ஆகியவை பற்றி அவர்கள் அஞ்சினர். பசுமையான தொழில் என்று பெயரிட்டுவிட்டால் அயலவரைக் கேட்கவேண்டியதில்லை என்பது பிழை. மஸ்கெலியாவும் சுன்னாகமும் தந்த பாடம் மன்னாருக்கும் உரியதே.

இவ்வளவுக்கும் அடிப்படை புத்தாக்கம். அதற்கு ஆய்வு வேண்டும். ஆய்வுக்குப் பணம் வேண்டும். எமது நாடு ஆராய்ச்சிக்குச் செலவிடுவது தேசிய வருமானத்தின் ஆயிரத்தில் ஏறக்குறைய ஒரு பங்கு. தென்கொரியாவோ நூற்றில் ஐந்து பங்கை எட்டிப் பிடிக்கும் அளவுக்குச் செலவிடுகின்றது. கிணறு வெட்டாதவன் தாகத்தைப் பற்றி முறையிடுவது போன்றது எமது நிலை.

புத்தாக்கம் எப்போதும் பெரிய கட்டடத்தில்தான் பிறக்கும் என்பதுமில்லை. மின்கம்பி எட்டாத மலைக்கிராமங்களில், ஊரவர்களே சிற்றோடையை மறித்து, சிறு சுழலியை வைத்து, தமது குடிசைகளுக்கு விளக்கேற்றிய முயற்சிகள் 1990களிலிருந்து இந்நாட்டில் நூற்றுக்கணக்கில் நடைபெற்றன. சுழலியைப் பழுதுபார்க்கவும், கட்டணத்தைப் பங்கிடவும் ஊர்ச்சங்கங்கள் அமைந்தன. தாம் கட்டியதைத் தாமே காக்கும் மக்கள் உள்ள இடத்திலே தொழில் நிலைக்கின்றது.

கடன் வாங்கிப் பெருஞ்சாலையும் துறைமுகமும் அமைப்பது எளிது. அச்சாலையில் ஏற்றிச் செல்ல எமது பண்டம் இல்லையேல் பிறர் பண்டமே அதில் வரும். பண்டம் செய்ய மின்சாரம் வேண்டும். மின்சாரத்துக்கு எண்ணெயை நம்பினால் மறுபடியும் 2022. ஆகவே சாலை, ஆலை, மூளை மூன்றும் ஒன்றையொன்று பற்றி நிற்கின்றன. இம்மூன்றையும் தாங்கும் நிலமும் நீரும் கெட்டால் யாவும் வீழும்.

இன்றைய பிள்ளைகளுக்கு ஒரு வேலை

இதனைப் படிக்கின்ற மாணவர்களிடம் நாம் ஒன்று கேட்கின்றோம். இன்று மாலை உங்கள் வீட்டு விளக்கை ஏற்றும்போது அந்த ஒளி எந்த ஆற்றிலிருந்து, எந்த எரிபொருளிலிருந்து வருகின்றது என்று விசாரியுங்கள். உங்கள் கொப்பியின் கடதாசி எந்நாட்டது என்று பாருங்கள். உங்கள் ஊரில் வீணே எரிக்கப்படுவது எது, வீணே ஓடுவது எது, வீணே கிடப்பது எது என்று எழுதி வையுங்கள். பெற்றோரும் அப்பட்டியலை இருந்து கேட்கவேண்டும். பொறியியலும் இரசாயனமும் கற்கும் பிள்ளைகளை விமானமேற்றி அனுப்புவதே பெருமை என்று எண்ணும் நாம், அவர்கள் இங்கே செய்வதற்கு என்ன வேலை உண்டு என்றும் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாகாதா?

அன்று பொன் தேடப் போன இடத்தில் ஒரு மனிதர் அருவியைக் கண்டார். அதை நாடு ஏற்க முப்பத்திரண்டு ஆண்டுகள் எடுத்தது. இன்று எமது வகுப்பறையொன்றில், வைக்கோலின் கருநீரை நஞ்சின்றி ஆக்கும் வழியையோ, உவராகும் கிணற்றை மீட்கும் வழியையோ எண்ணிக்கொண்டு ஒரு பிள்ளை இருக்கக்கூடும். அப்பிள்ளையையும் நாம் முப்பத்திரண்டு ஆண்டுகள் காக்க வைக்கலாமா?